மாங்க் எல்லார் கையையும் துடைக்கிறார், எங்கள் அப்பத்தா ஆள் பார்த்துத் துடைத்தார்

நொய்யல்கரை
சனி, இரவு 10.20

மாங்க் தொடரைப் பார்த்து முடித்தாயிற்று. 8 சீசன், 125 எபிசோட், அப்புறம் 2023 டிசம்பரில் வந்த படமும். மூன்று மாதமாக ராத்திரிச் சாப்பாடு ஆனதும் நானும் மகளும் தினம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏட்ரியன் மாங்க் சான் பிரான்சிஸ்கோ போலீசில் இருந்த துப்பறிவாளர். 1997இல் மனைவி ட்ரூடி கார் குண்டில் இறந்துபோகிறார். ஏற்கெனவே இருந்த ஓசிடி, அதாவது வேண்டாத பயம் வந்து செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற மனக்கோளாறு, அதற்கப்புறம் முற்றிப்போகிறது. கிருமி, உயரம், கூட்டம், பாம்பு, பால்கூட, எல்லாவற்றுக்கும் பயம். மேசையில் பேனா கோணலாக இருந்தால் நேராக்காமல் நகரமாட்டார். வேலையும் போய்விடுகிறது. ஷரோனா என்ற நர்ஸைக் கூடவே வைத்துக்கொண்டு வெளியாளாக நின்று போலீசுக்குக் கொலைகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். யாருக்காவது கைகொடுத்தால் உடனே ஷரோனா பக்கம் கையை நீட்டுவார், அவர் ஈரத்தாள் ஒன்றை உருவிக் கொடுப்பார், துடைப்பார். டோனி ஷலூப் நடிப்பு. இதற்காக மூன்று தடவை எம்மி விருது வாங்கியிருக்கிறார்.

எனக்குத் தொழில் பனியன் கம்பெனியில் செக்கிங். அதனால் இந்த ஆளை முதல் நாளே பிடித்துப்போனது. நூல் ஒரு இழை பிசிறினாலும் கண் அங்கேதான் போகும், கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை சட்டையில் தையல் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற ஜாதி நான். ஒரு வேடிக்கை, 3,000 பீஸ் லாட்டுக்கு நாங்கள் எடுத்துப் பார்க்கிற சாம்பிளும் 125தான். ஏக்யூஎல் (எவ்வளவு பழுது வரைக்கும் ஏற்கலாம் என்கிற தர அளவு) 2.5 கணக்கில் 7 டாமேஜ் வரைக்கும் பாஸ், 8 என்றால் லாட் ரிஜெக்ட். அந்தக் கணக்கில் இந்தத் தொடர் தாராளமாகப் பாஸ்.

எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. ஒரு நாள் பாதியில் நிறுத்திவிட்டு மகள் கேட்டாள், "ஏனுங்ப்பா, உங்க அப்பத்தாளுக்கும் இந்தச் சீக்குத்தான் இருந்துச்சா?"

அப்பத்தா காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருந்தவர். அவர் சுத்தத்தைப் பற்றி எங்கள் வீட்டில் கதை கதையாகச் சொல்வோம். விடியும் முன்னே வாசல் தெளித்து, அடுப்படி மெழுகி, போசி வட்டல் எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருப்பார். எழவு வீட்டுக்குப் போய்வந்தால் கிணற்றடியிலேயே தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் ஆசாரத்தில் கால் வைக்க விடமாட்டார். ஒறம்பறை வந்து போனால் உட்கார்ந்த பாய்க்குத் தண்ணீர் தெளிப்பார். மாங்க் கையைத் துடைக்கும்போதெல்லாம் நாங்கள் அப்பத்தா என்று சொல்லிச் சிரிப்போம்.

மகள் கேட்ட அப்புறம்தான் எனக்கு அந்தத் தேங்காய்த் தொட்டி (சிரட்டை) ஞாபகம் வந்தது. கூரை எறவாணத்தில் சொருகியிருக்கும். தோட்டத்து வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் மோர், அதில்தான் தண்ணீர். அப்பத்தா தொடாமல் மேலேயிருந்து ஊற்றுவார், குடித்தவர் அதைக் கழுவித் திரும்பச் சொருகிவிட்டுப் போக வேண்டும். அதே வாசலுக்கு வட்டிக்குப் பணம் கொடுக்கிறவர் ஒருத்தர் வருவார். மூக்குப்பொடி போடுகிறவர், கையாலேயே மூக்கைத் துடைப்பார், அந்தக் கையாலேயே வெள்ளி டம்ளரை வாங்கிக் குடிப்பார். அந்த டம்ளரை அப்பத்தா ஒரு அலசு அலசி உள்ளே எடுத்து வைத்துவிடுவார், அவ்வளவுதான். நானே பார்த்திருக்கிறேன், அப்போது எனக்கு எட்டு ஒன்பது வயசு.

மாங்க் என்றால் அந்த வட்டிக்காரருக்குக் கைகொடுத்தாலும் துடைப்பார், களை எடுக்க வந்தவருக்குக் கைகொடுத்தாலும் துடைப்பார். கோடீஸ்வரன் கையும் பிச்சைக்காரன் கையும் அவருக்கு ஒன்றுதான், இரண்டிலும் கிருமி. அந்த மனுஷனுடைய பயத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. எங்கள் அப்பத்தாவுடைய சுத்தத்துக்கு ஆள் அடையாளம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"இல்ல கண்ணு, அது சீக்கு இல்ல" என்று சொன்னேன். "அப்ப அது என்னதுங்ப்பா?" என்றாள். நான் ரிமோட்டைத் தேடுகிற மாதிரித் தேடினேன்.

ஊத்துக்குளி எக்ஸ்பிரஸ்
சனி, இரவு 10.41

அண்ணா, சிரிக்கிறதுக்கு எடுத்த நாடகத்தைப் பார்த்துவிட்டு இப்படி வெசனப்பட்டால் எப்படிங்க. பாலைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் நம்ம ஊர் பால் சொசைட்டிக்குக் காலை ஆறு மணிக்கு வந்தால் என்ன ஆவார் என்று யோசித்துக்கொண்டே நான் எட்டு சீசனையும் ஓட்டினேன். அதற்கு மேல் அதில் ஒன்றும் தேடவில்லை.

துப்பறிகிறவனைக் கிறுக்குப் பிடித்தவனாகக் காட்டுவது பழைய சங்கதி. 1985இல் தூர்தர்ஷனில் கரம்சந்த் வந்ததே, பங்கஜ் கபூர் கேரட்டைக் கடித்துக்கொண்டே கொலைகாரனைப் பிடிப்பார், பக்கத்தில் உதவியாளர் கிட்டி. இந்தி ஒரு எழுத்து தெரியாத எங்கள் தெருவே உட்கார்ந்து பார்த்தது. யாரும் கேரட்டுக்கு அர்த்தம் கேட்கவில்லை.

கோபி வாத்தியார்
ஞாயிறு, காலை 6.15

கேரட்டுக்கு அர்த்தம் கேட்கவில்லை, சரி. அந்தக் கிட்டியை அவர் வாய்க்கு வாய் "ஷட் அப்" என்று அடக்கியதற்கும் நாம் அர்த்தம் கேட்காமல் சிரித்தோமே தம்பி. என் வகுப்பில் பையன்கள் கூடப்படிக்கிற பெண்பிள்ளைகளை அப்படியே சொல்லிக் காட்டுவார்கள், இரண்டு பேரை முட்டிபோட வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்த வழியாகத்தான் இந்த மாதிரிச் சமாச்சாரம் எல்லாம் வீட்டுக்குள் வரும், கதவைத் தட்டிக்கொண்டு வராது.

நொய்யல்கரை சொன்னதில் எனக்கு முக்கால்வாசி சம்மதம். கால்வாசி இல்லை. மாங்க் ஆள் பார்க்கமாட்டார் என்று முடிவாகச் சொல்லிவிட்டீர்கள். ஆறாவது சீசனில் கடற்கரையில் உடுப்பில்லாமல் இருக்கிற கூட்டத்தைப் பற்றி ஒரு கதை வருமே, மறந்துவிட்டதா? அங்கே ஒரு கொலை. அந்த ஆட்களைப் பார்த்தாலே மாங்குக்குக் குமட்டுகிறது. குமட்டினதோடு விட்டாரா? "இவர்கள்தான் செய்திருப்பார்கள்" என்று கைகாட்டுகிறார். சாட்சி இல்லை, தடயம் இல்லை. 125 கதையில் தடயம் இல்லாமல் பேசாத மனுஷன் அங்கே பேசுகிறார். அப்புறம் மனநல மருத்துவர் க்ரோகரிடம் உட்கார்ந்து, தன் அருவருப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் உண்மையான கொலைகாரன் கண்ணுக்குத் தெரிகிறான்.

அருவருப்பு இருக்கிற வரைக்கும் அது அவர் பாடு. அதை வைத்து அடுத்தவனுக்குக் குணம் கற்பிக்க ஆரம்பித்தால் அது வேறு சரக்கு. உங்கள் அப்பத்தா செய்ததும் அதுதான், ஊர் முழுக்கச் செய்ததும் அதுதான். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950இல், அதற்குத் தண்டனைச் சட்டம் வந்தது 1955இல். நீங்கள் சொல்கிற மோர் அதற்கு எத்தனை வருஷம் கழித்து என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தாராபுரம் ரோடு
ஞாயிறு, காலை 8.02

ஆரம்பிச்சுட்டாங்கய்யா. அமெரிக்காக்காரன் எடுத்த காமெடியில் கூடச் சாதியைத் தேடுகிற ஆட்கள் நம்ம ஊரில்தான் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அப்பத்தாளைச் செத்த பிறகு கூண்டில் ஏற்றி என்ன ஆகப் போகிறது? சுத்தமாக இருந்தது ஒரு குத்தமா? கொரோனா வந்தபோது உலகமே அப்பத்தா சொன்னபடிதானே கை கழுவியது?

வார்டு நம்பர் 7
ஞாயிறு, மதியம் 2.30

நைட் டூட்டி முடித்துத் தூங்கி எழுந்து இப்போதுதான் படிக்கிறேன். நான் ஈரோட்டில் நர்ஸ். கொரோனாவில் கை கழுவினோம், வாஸ்தவம். கலெக்டருக்கும் கழுவினோம், குப்பை வண்டி ஓட்டுகிறவருக்கும் கழுவினோம், அதே 20 நொடிதான். தாராபுரம் ரோடு அண்ணா, அந்த அப்பத்தாளுக்கு நீங்கள் கொரோனாவைத் துணைக்குக் கூப்பிடாதீங்க.

நீங்கள் எல்லாரும் மாங்கைப் பார்க்கிறீர்கள், நான் பார்த்தது ஷரோனாவைத்தான். தனியாக ஒரு பையனை வளர்க்கிறவர். வாய் ஓயாது, சண்டை போடுவார், சம்பளத்துக்குக் கேட்டுக் கேட்டு நிற்பார். அந்த ஆள் காசு விஷயத்தில் அத்தனை கெட்டி. வேலை என்னவென்று பாருங்கள், வண்டி ஓட்டணும், பயந்தால் தேற்றணும், பாராட்டணும், ஈரத்தாள் கொடுக்கணும், ராத்திரி போன் வந்தால் எடுக்கணும். இதில் எது நர்ஸ் வேலை? அவர் இல்லாவிட்டால் அந்த மேதை வீட்டு வாசலைத் தாண்டமாட்டார். ஆனால் பேப்பரில் பேர் மாங்குக்கு. மூன்றாவது சீசன் நடுவில் ஷரோனா நியூ ஜெர்சிக்குப் போய்விடுகிறார், உடனே நடாலி என்று இன்னொருத்தர் வந்து அதே பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறார். நல்ல நாடகம்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது தன்னையே பார்த்துச் சிரிக்கிறதா, இல்லை ஷரோனாவைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

படிப்பு முடித்த புதிதில் ஆஸ்பத்திரி வேலை கிடைக்கும் வரை ஒரு பெரிய வீட்டில் பெரியவர் ஒருத்தரைப் பார்த்துக்கொண்டேன். பக்கவாதம். மூத்திரப் பை மாற்றுவது, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைப்பது, ஊட்டுவது எல்லாம் நான்தான். அந்த வீட்டில் என்னை "நர்ஸம்மா" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள், வாங்க போங்கதான். முதல் நாள் காப்பி வந்தது, பச்சைக் கலர் பிளாஸ்டிக் டம்ளரில். அந்த வீட்டில் மற்ற எல்லாரும் குடித்தது எவர்சில்வரில். பதினோரு மாதம் அந்தப் பச்சை டம்ளர்தான், குழாயடியில் தனியாக ஒரு ஆணியில் தொங்கும். யாரும் என்னிடம் என்ன ஆளுங்க என்று கேட்கவே இல்லை. எங்கள் ஊர்ப் பேரைக் கேட்டார்கள், எந்த வீதி என்று கேட்டார்கள், அது போதுமாக இருந்தது. என் கையைத் தொட்டுத்தான் அந்தப் பெரியவர் சாப்பிட்டார். அந்தக் கை குடித்த டம்ளர் மட்டும் ஆகாது.

இது உங்கள் அப்பத்தா காலம் இல்லைங்க. 2011.

ஊத்துக்குளி எக்ஸ்பிரஸ்
ஞாயிறு, மதியம் 2.52

அக்கா, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ரிக் வண்டி
ஞாயிறு, இரவு 9.10

எல்லாரும் அப்பத்தாளையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அந்தச் சீக்கு நிஜமாகவே இருக்கிறவன் ஒருத்தன் பேசலாமா? திருச்செங்கோட்டுக்காரன், போர்வெல் வண்டியில் பத்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றியவன். எனக்குச் சுத்தம் பிரச்சினை இல்லை, சரிபார்ப்பது. ராடை இறக்குவதற்கு முன்னால் போல்ட் முடுக்கினேனா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு நாலு எட்டு வைத்ததும், பார்த்தேனா என்று சந்தேகம் வரும். திரும்பப் பார்ப்பேன். ஒரு ராத்திரி ஆந்திராவில் ஒரு காட்டில் நாற்பது தடவைக்கு மேல் போனேன், கூட இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் திட்டினார்கள், கடைசியில் பயந்தார்கள். போல்ட் முடுக்கியிருக்கிறது என்று எனக்கே தெரியும். தெரிந்தும் போவேன். அதுதான் இதில் உள்ள கொடுமை.

வீட்டில் மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், ஒரு கோயிலில் நாற்பத்தெட்டு நாள் இருக்கச் சொன்னார்கள். கோயிலில் சுற்று எண்ணுவதில் சந்தேகம் வந்து விடிய விடியச் சுற்றினேன், எங்கம்மா "பையனுக்கு எத்தன பக்தி" என்று சந்தோஷப்பட்டது. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம், இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு டாக்டர்தான் பேர் சொன்னார். மாத்திரை ஒரு பக்கம், இன்னொரு பக்கம் பயிற்சி. பயிற்சி என்றால், போல்ட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிப் போகாமல் நிற்கணும். நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், நிற்கணும். அரை மணி, முக்கால் மணி போனால் அந்தப் பதைப்பு தானாக இறங்கும். கை கழுவுகிறவர்களுக்கு என்றால் பஸ் கம்பியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்காரச் சொல்வார்கள். சொல்லச் சுலபம். முதல் வாரம் நான் அழுதிருக்கிறேன்.

அதனால்தான் மூன்றாவது சீசனில் மாங்க் மாத்திரை சாப்பிடுகிற கதையில் எனக்குக் கோபம். மாத்திரை போட்டதும் ஆள் ஜாலியாகிவிடுவார், ஆனால் துப்பறியத் தெரியாது, மனைவியும் மனசிலிருந்து மங்கிப்போவாள், அதனால் மாத்திரையை விட்டுவிடுவார். பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? மருந்து தின்றால் மூளை மழுங்கும், சீக்குதான் திறமை. நான் மாத்திரை சாப்பிட்டபோது என் வேலை மழுங்கவில்லை, வேலையை முடித்துவிட்டுத் தூங்கப் போனேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஊரில் பத்துப் பேர் "மாத்திரையை விட்டுரு, அடிமையாயிருவ" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது இப்படி ஒரு கதை வந்தால் அது பதினோராவது ஆள்.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். எட்டு சீசனும் அந்த ஆள் வாராவாரம் டாக்டர் முன்னால் உட்காருகிறார், அதை யாரும் கேவலமாகப் பார்க்கவில்லை. க்ரோகராக நடித்த ஸ்டான்லி காமெல் 2008இல் இறந்துபோனதும் கதையிலும் அந்த டாக்டர் இறந்துவிட்டார் என்றே வைத்து, வேறு டாக்டரிடம் மாங்க் போகிற மாதிரிக் காட்டினார்கள். டாக்டருக்காக ஒருத்தன் துக்கப்படுகிறதைக் காமெடியில் அன்றைக்குத்தான் பார்த்தேன். இதைப் படிக்கிற யாருக்காவது தேவைப்பட்டால் 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

நொய்யல்கரை அண்ணா, உங்க அப்பத்தாளுக்கு இருந்ததை இந்தச் சீக்கோடு சேர்த்துச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி. நாங்கள் பயந்து செத்தோம், உங்க அப்பத்தா பயப்படவே இல்லை.

பவானி ஜமக்காளம்
திங்கள், காலை 11.25

ரிக் வண்டி தம்பி, நல்லா இரு.

நான் வேறு ஒன்றைச் சொல்ல வந்தேன். நடாலி. புருஷன் கடற்படை விமானி, கொசோவோவில் செத்துப்போனவர். கையில் ஜூலி என்று ஒரு மகள். வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்தவனைத் தன்னந்தனியாக எதிர்த்துக் கொன்றுவிட்டுத்தான் அந்தப் பெண் கதைக்குள்ளேயே வருகிறாள். அதற்கப்புறம் ஐந்தரை சீசன், கலர் கலராக உடுத்துகிறாள், சிரிக்கிறாள், இரண்டொரு ஆளைப் பிடித்தும் பார்க்கிறாள். ஒருத்தர்கூட "உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கேட்கவில்லை. நான் ஒவ்வொரு எபிசோடிலும் காத்திருந்தேன், இப்போது யாராவது கேட்பார்கள் என்று. கேட்கவே இல்லை. அது அந்த ஊர் யோக்கியதையா இல்லை நாடகம் மறைத்துவிட்டதா, எனக்குத் தெரியாது, எனக்கு அது நன்றாக இருந்தது.

எனக்கு முப்பத்தொரு வயசில் இவர் போனார். எங்கள் வீட்டுச் சீர் சடங்குகளில் நான் பின்னால் நிற்பேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. தட்டு மாற்றுகிறபோது பந்தி வேலை பார்க்கப் போய்விடுவேன், அவர்களும் "நீ அந்தப்பக்கம் பாத்துக்க சாமி" என்பார்கள், எல்லாருக்கும் சௌகரியம்.

இதில் இன்னொரு சங்கதி. மாங்கும் மனைவியை இழந்தவர்தானே. 12 வருஷம் அவளையே நினைத்துக்கொண்டிருக்கிறார், கடைசியாக அவள் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார். கடைசிக் கதையில்தான் பிரிக்கிறார், உள்ளே வீடியோ கேசட், அதிலிருந்துதான் கொலைகாரன் பேர் தெரிகிறது. எட்டு சீசனாக ஊர் முழுக்கத் தேடின தடயம் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. அந்த எபிசோடில் நான் அழுதேன். அழுதுவிட்டு யோசித்தேன், ஒரு ஆம்பளை 12 வருஷம் இப்படி இருந்தால் அது காவியம். பொம்பளை இருந்தால் அது சாதாரணம், இருக்காவிட்டால்தான் பேச்சு. நம்ம பக்கம் பெண்டாட்டி செத்த ஆம்பளைக்கு வருஷம் திரும்புவதற்குள் பெண் பார்த்துவிடுகிறார்கள், "சோறாக்க ஆள் வேணுமல்லோ" என்று. எனக்கு யாரும் சம்பாதிக்க ஆள் வேணுமல்லோ என்று கேட்கவில்லை. தறியில் உட்கார்ந்தேன்.

கோபி வாத்தியார்
திங்கள், மாலை 5.40

அம்முணி, உங்கள் எழுத்தை இரண்டு தடவை படித்தேன்.

துக்கம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது மாங்குடைய அண்ணன் ஆம்ப்ரோஸ் வருகிற கதை. ஜான் டர்ட்டூரோ நடித்தது, 2004இல் அவருக்கும் ஒரு எம்மி வாங்கிக் கொடுத்தது. வீட்டு வாசலைத் தாண்டி வெளியே வராத மனுஷன், 32 வருஷமாக. ட்ரூடி செத்தபோது தம்பிக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. ஏழு வருஷம் பேச்சில்லை. நம்ம ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அமெரிக்காக்காரனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் அப்படியே எடுத்து வைத்திருக்கிறான். நல்லதுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, கெட்டதுக்குப் போகாவிட்டால் அங்கே பங்காளி உறவு அற்றது. கடைசியில் அண்ணன் சொல்கிறான், ட்ரூடி அன்றைக்குக் காரை எடுத்துக்கொண்டு போனதே எனக்கு இருமல் மருந்து வாங்கத்தான், உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று.

என் தம்பியோடு எனக்குப் பதினாறு வருஷம் பேச்சில்லை. வரப்புத் தகராறு. போன வருஷம் அவன் சம்சாரம் தவறினபோது நான் போகவில்லை. அவன் என்ன நினைத்தானோ. இதற்கு மேல் இந்த விஷயத்தை எழுதவேண்டாம் என்று பார்க்கிறேன்.

தாராபுரம் ரோடு
திங்கள், இரவு 8.15

வாத்தியாரய்யா, போயிட்டு வாங்க. வருஷத் திதி வரும்ல, அதுக்காச்சும் போங்க. மத்ததை எல்லாம் அப்புறம் சண்டை போட்டுக்கலாம்.

சாதி விஷயத்தில் நான் சொன்னதில் இன்னும் நிற்கிறேன், எல்லாத்துக்கும் அதையே காரணமாகச் சொல்வது சரியில்லை. அந்த நர்ஸ் அக்கா சொன்ன பச்சை டம்ளர் மட்டும் எனக்குக் காலையிலிருந்து மண்டையில் ஓடுகிறது. எங்கள் வீட்டுக் குழாயடியிலும் ஒரு ஆணி இருக்கிறது.

மட்டுறுத்துநர்
திங்கள், இரவு 9.00

நடுவில் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இன்னாருக்கு இன்ன சாதி என்று ஊகித்து எழுதினால் இழையைப் பூட்டிவிடுவேன். மற்றபடி நடத்துங்க.

வார்டு நம்பர் 7
திங்கள், இரவு 11.48

நொய்யல்கரை அண்ணா, இழையை ஆரம்பித்துவிட்டு இரண்டு நாளாகக் காணோம். ஒரு கேள்வி கேட்கிறேன், தப்பாக எடுத்துக்காதீங்க. அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைப் பற்றிப் பேசுவது சுலபம். உங்க கம்பெனியில் தண்ணி கேன் எத்தனை வைத்திருக்கிறீர்கள்? வடக்கத்திப் பசங்க எதில் குடிக்கிறார்கள்?

நொய்யல்கரை
புதன், இரவு 10.05

இரண்டு.

செவ்வாய்க்கிழமை காலையில் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்த்தேன். ஏழு வருஷமாக அந்த வழியாகத்தான் நடக்கிறேன், ஒரு நூல் பிசிறு கண்ணுக்குத் தப்பாது என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேன். செக்கிங் மேசை பக்கத்தில் ஒரு கேன், எவர்சில்வர் டம்ளர். பேக்கிங் தாண்டிப் படிக்கட்டு அடியில் இன்னொரு கேன், அங்கே ஒரு நீலப் பிளாஸ்டிக் மக். ஒடிசாப் பையன்கள், பீகார் பையன்கள் எல்லாரும் அங்கே போய்த்தான் குடிக்கிறார்கள். தையலில் இருக்கிறவன் செக்கிங் கேனைத் தாண்டி நடந்து அங்கே போகிறான்.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அது அவுங்களா வெச்சுக்கிட்டதுங்க, நம்ம ஒண்ணும் சொல்லலீங்க" என்றார். கைமடி வேலை செய்கிற அக்கா ஒருத்தரிடம் கேட்டேன். "அவனுக பான்பராக் போடறானுகங்க, அந்த வாயில டம்ளர வெச்சா நாங்க எப்படிக் குடிக்கறது" என்றார். நம்ம ஆட்களில் பான்பராக் போடுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே ஆறு பேர், அவர்கள் எவர்சில்வரில்தான் குடிக்கிறார்கள். அப்பத்தாவுடைய வட்டிக்காரர் ஞாபகம் வந்தது. பையன்களில் கொஞ்சம் தமிழ் பேசுகிறவன் ஒருத்தனிடம் கேட்டேன். சிரித்தான். "பழகிடுச்சு சார்" என்றான். யார் முதலில் சொன்னது என்று கேட்டேன். அதற்கும் சிரித்தான்.

வாத்தியார் சொன்ன அந்த ஆறாவது சீசன் கதையை நேற்று ராத்திரி திரும்பப் போட்டுப் பார்த்தேன், மகள் தூங்கின பிறகு. நீங்கள் சொன்னது சரிங்க. மாங்க் ஆள் பார்க்கமாட்டார் என்று நான் எழுதினது அவசரத்தில் எழுதினது. அவருக்கும் அந்த வழி தெரிந்திருக்கிறது, ஒரு தடவை போயிருக்கிறார், க்ரோகர் இருந்ததால் திரும்பி வந்தார்.

இன்றைக்கு டம்ளரையும் மக்கையும் இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன். சூப்பர்வைசர் ஒரு யோசனை சொன்னார், எல்லாரும் அவரவர் பாட்டில் கொண்டுவரட்டும், கேன் இரண்டும் அப்படியே இருக்கட்டும் என்று. சரி என்றுவிட்டேன்.

ஊத்துக்குளி எக்ஸ்பிரஸ்
புதன், இரவு 10.20

அது அப்படியே மாங்க் பாட்டில்தானுங்களே. மெக்சிகோ போன கதையில் அவர் பாட்டில் தண்ணீரைத் திருடிவிடுவார்கள், உள்ளூர்த் தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்று தொண்டை காய்ந்து திரிவாரே.

வார்டு நம்பர் 7
புதன், இரவு 10.31

பாட்டில் வந்தால் சண்டை வராது, வாஸ்தவம். ஆனால் அண்ணா, அந்தப் பையன் பாட்டிலை எந்தக் கேனில் பிடிப்பான்?

நொய்யல்கரை
புதன், இரவு 10.58

படிக்கட்டு அடியில்தானுங்க பிடிப்பான். எழுதும்போதே தெரிந்தது.

நாளைக்குக் கேன்காரன் வருகிற நாள். இரண்டையும் செக்கிங் மேசை பக்கத்திலேயே இறக்கச் சொல்லப் போகிறேன். கைமடி அக்கா என்ன சொல்லும் என்று இப்போதே காதில் கேட்கிறது.

மகள் நேற்று மறுபடியும் கேட்டாள், அப்ப அது என்னதுங்ப்பா என்று. பரீட்சை முடியட்டும் கண்ணு, சொல்றேன் என்றேன். பரீட்சை வெள்ளிக்கிழமை முடிகிறது.